கீழே இறங்காத கோடு

போன மாதம் கார்த்திக் போன் செய்தான். காஞ்சிபுரத்தில் நான் இருபத்து மூன்று வருடம் ரீசனிங் பாடம் எடுத்த பயிற்சி மையத்தில் இப்போது என் இடத்தில் இருப்பவன்.

"மேடம், ஒரே ஒரு வீடியோ. முப்பது செகண்டுதான். முக்கோணம் எண்ணுற ஷார்ட்கட்டை நீங்களே சொன்னீங்கன்னா செமையா ரீச் ஆவும். 'அறையும் மாடியும்' நீங்க வெச்ச பேருதானே?"

நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள் செவிலிமேட்டில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். மரியாதை தெரிந்த பையன்தான். "ஏன் மேடம் அவ்ளோ கோவம்? நான் இன்னா தப்பா கேட்டேன்?" என்றான். அதைச் சொல்ல முப்பது செகண்டு போதாது என்றேன். "அப்ப எழுதிக் குடுங்க மேடம், நாங்க படிக்கிறோம்" என்றான். எழுதியிருக்கிறேன். அவன் முழுக்கப் படிப்பான் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. எழுபத்தைந்து கேள்வியை ஒரு மணி நேரத்தில் தாண்டிப் பழகியவர்கள், மூன்று பக்கம் உரைநடையைப் பார்த்தால் கடைசி வரிக்குத்தான் போவார்கள்.

என் அப்பா செவிலிமேட்டில் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்தவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனது நான். கணிதம் முடித்துவிட்டு, அரசு வேலைக்காக ஏழு வருடம் தேர்வு எழுதினேன். ஒரு முறை நான்கு கேள்வியில் போனது. ஒரு முறை ஹால் டிக்கெட் கையில் இருந்தது, ஆனால் தேர்வன்று காலையில் என் மகள் ஸ்டெல்லா பிறந்துவிட்டாள். வயது வரம்பு முடிந்த பிறகு என்னிடம் மிஞ்சியது, ஏழு வருடம் திருப்பித் திருப்பிப் போட்ட புதிர்க் கணக்குகள் மட்டும்தான். அதை வைத்துப் பிழைக்கலாம் என்று எனக்குச் சொன்னவர் தணிகாசலம் சார்.

அவர் நில அளவைத் துறையில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடைக்கு மேலே மாடியை வாடகைக்குப் பிடித்து மையம் நடத்தினார். கீழே கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் வேனை நிறுத்தி வழியை அடைத்திருப்பார்கள். அவர்கள் செருப்புகளைத் தாண்டித்தான் நாங்கள் படியேற வேண்டும். நான் வேலை கேட்டுப் போன அன்று என் சான்றிதழை அவர் பார்க்கவில்லை. ஒரு தாளில் பக்கத்துக்கு நான்காகப் பிரித்த முக்கோணம் ஒன்றை வரைந்து, "இதுல எத்தனை முக்கோணம் இருக்குதும்மா?" என்றார்.

நான் கண்ணால் ஓட்டிவிட்டு முப்பது என்றேன்.

"பேர் சொல்லுங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் பென்சிலை என்னிடம் தந்தார். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எழுத்துப் போடச் சொன்னார். பிறகு ஒவ்வொரு முக்கோணத்தையும் அதன் மூன்று எழுத்தால் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டே போனேன். முப்பது வந்தது. அவர் தாளை வாங்கி மெதுவாகப் பார்த்து மூன்று பெயர்களை அடித்தார். "இவங்க மூணு பேருக்கும் ரெண்டு வாட்டி ரேஷன் குடுத்துட்டீங்க. இருபத்தேழு. நாளையிலேர்ந்து வாங்க" என்றார்.

அவர் முறை அதுதான். படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாக வரைய வேண்டும். எல்லாப் புள்ளிக்கும் எழுத்து வைக்க வேண்டும். முதலில் ஒற்றை முக்கோணங்கள், பிறகு இரண்டு சேர்ந்தவை, பிறகு மூன்று சேர்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத வேண்டும், அதுவும் அகர வரிசையில். எழுதி முடித்ததும் அந்தப் பட்டியலை மூடிவிட்டுக் கடைசி எழுத்திலிருந்து இன்னொரு முறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் விடை. யாருக்கும் அவர் 'சரி' என்றோ 'தப்பு' என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. மாணவன் எழுந்து பதினெட்டு என்றால், "பதினெட்டுக்கும் பேர் சொல்லுப்பா" என்பார். குரல் ஏறாது. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சொல்லி முடிக்கும்வரை நிற்பார். பின்பெஞ்சில் நெளிவார்கள். அதையும் கண்டுகொள்ள மாட்டார்.

எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. இருபத்து மூன்று வருடம் நான் வகுப்பில் கத்திக்கொண்டேதான் இருந்தேன். திசைக் கணக்கு என்றால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பித் திருப்பி வடக்கு தேடுவார்கள். ரத்த உறவுக் கணக்கு அதைவிட மோசம். 'அவர் என் தாயின் தம்பி. அவர் எனக்கு என்ன உறவு?' என்று கேட்டால் தாய்மாமன் என்று விடை. ஒரு பெண் எழுந்து கொஞ்சமும் சிரிக்காமல், "வீட்டுக்காரர் மேடம்" என்றாள். அவள் வீட்டில் அது உண்மைதான். தேர்வில் அந்த விடைக்குக் கட்டம் இல்லை என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. பக்கத்தில் இருந்தவள், "மாமாவும் சரி, வீட்டுக்காரரும் சரின்னா மார்க்கு ரெண்டு பேருக்கும் வருமா மேடம்?" என்று கேட்டாள்.

ஆனால் என்னைக் கடைசியில் தடுக்கி விழவைத்தது முக்கோணம்தான். அதுவும் நானே தோண்டிய குழி.

தேர்வில் இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு ஐம்பத்து நான்கு வினாடி. தணிகாசலம் சார் முறையில் ஒரு படத்தை எண்ண, நன்றாகப் பழகியவர்களுக்கே இரண்டு நிமிடம் ஆகும். மற்ற மையங்களில் எல்லாம் சூத்திரம் சொல்லித் தந்தார்கள். எங்கள் மாணவர்கள் அங்கே போய்க் கேட்டுவிட்டு வந்து என்னைப் பிடுங்கினார்கள். ஆகவே நானும் ஒன்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிவரை சில கோடுகள் இறங்கினால், அடியில் எத்தனை அறை என்று பார். நான்கு அறை என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாவற்றையும் கூட்டு, பத்து. குறுக்கே போகிற கோடுகளால் எத்தனை மாடி ஆகிறது என்று பார். இரண்டு மாடி என்றால் இரண்டால் பெருக்கு. இருபது. முடிந்தது. பத்து வினாடி.

ஒருநாள் சார் என் வகுப்புக்கு வெளியே நின்று கேட்டுவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க சூத்திரத்துக்குக் கண்ணு கிடையாதும்மா" என்றார். அவ்வளவுதான். தடுக்கவும் இல்லை. அந்த வருடம் எங்கள் மையத்தில் தேர்ச்சி அதிகமானது. வாசலில் பெரிய பேனர் வைத்தார். அதன் பிறகு சூத்திரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் நிறுத்தவில்லை.

பரிமளா வந்தது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு ஆறேழு வருடம் முன்பு. தென்னேரிக்காரி. வீட்டில் விவசாயம். வாலாஜாபாத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, காலை வகுப்புக்குப் பஸ் பிடித்து வருவாள். வயது முப்பத்து மூன்று. அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு, அடுத்த தேர்வுக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அவளைப் போல் மெதுவாகக் கணக்குப் போடுகிற ஆளை நான் பார்த்ததில்லை. மாதிரித் தேர்வில் மற்றவர்கள் பேனாவை மூடிவிட்டு டீ குடிக்கப் போன பிறகும் அவள் நூற்று ஐம்பதாவது கேள்வியில் இருப்பாள். போட்டதெல்லாம் சரியாக இருக்கும். போடாதது ஐம்பது இருக்கும்.

"மருந்துக் கடையில பழகினது மேடம். சீட்டை ரெண்டு வாட்டி படிக்காம மாத்திரைய எடுக்க மாட்டேன்" என்பாள்.

"இங்க யாரும் சாகப் போறதில்ல. வேகமாப் போடு" என்பேன். தேர்வுக்கு முந்தைய வாரம் அவளிடம் கண்டிப்பாகவே சொன்னேன்: "படக் கேள்வி வந்தா தொடவே தொடாத. விட்டுட்டுப் போயினே இரு."

அந்தத் தேர்வை என் மகள் ஸ்டெல்லாவும் எழுதினாள். அவளுக்கு இருபத்தைந்து வயது, மூன்றாவது முயற்சி. எங்கள் மையத்தில்தான் படித்தாள். முதல் வருடம் தணிகாசலம் சாரிடம், பிறகு என்னிடம். வகுப்பில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவாள்.

தேர்வில் முக்கோணக் கேள்வி வந்தது. உச்சியிலிருந்து உள்ளே மூன்று கோடு, குறுக்கே ஒரு கோடு. நான்கு அறை, இரண்டு மாடி. எங்கள் மையத்தில் எழுதியவர்கள் அறுபதுக்கும் மேல். படியேறி வந்தவர்கள் முதலில் சொன்னது இதைத்தான்: "மேடம், அறையும் மாடியும் அப்படியே வந்துடுச்சு! இருபது!" நான் பெருமையோடு பலகையில் அந்தப் படத்தை வரைந்து, இருபது என்று எழுதி வட்டம் போட்டேன்.

சில நாளில் தற்காலிக விடைப்பட்டியல் வந்தது. அதிலும் இருபது. வகுப்பே கை தட்டியது. அப்போது பரிமளா எழுந்தாள்.

"மேடம், நான் பதினாறு போட்டேன்."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. "படக் கேள்வியத் தொடாதன்னு எத்தனை தரம் சொன்னேன்? தொட்டதும் இல்லாம தப்பா வேற போட்டுட்டு வந்திருக்கியா? உக்காரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

விடையில் தவறு இருந்தால் ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் அவகாசம் தந்திருந்தார்கள். அது முதல் நாள். மூன்றாம் நாள் படிக்கட்டில் கேள்வித்தாளோடு காத்திருந்தாள். எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் அவள் கடையில் லீவு தரவில்லை. ஐந்தாம் நாள் மறுபடி வந்தாள். நான் பலகையில் அதே படத்தை இன்னொரு முறை வரைந்து, "இங்க பாரு, ஒண்ணு, ரெண்டு..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னை நிறுத்தினாள். அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை.

"மேடம், நீங்க புக்லெட்ட இன்னும் பாக்கவே இல்ல. நீங்க வரைஞ்சத நீங்களே எண்ணிக்கினு இருக்கீங்க."

கேள்வித்தாளை வெடுக்கென்று வாங்கினேன். படம் கட்டைவிரல் அளவுதான். நடுக்கோடு உச்சியிலிருந்து இறங்கி, குறுக்குக் கோட்டில் வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே இல்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இல்லை. மேல் மாடியில் நான்கு அறை, கீழே மூன்றுதான். மேலே பத்து, அடிவரை இறங்குவது ஆறு. பதினாறு.

அச்சுக் கோளாறாக இருக்கலாம் என்று, கேள்வித்தாளின் ஏ, பி, சி, டி என்ற நான்கு வரிசைகளையும் மாணவர்களிடம் வாங்கி ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் கோடு அதே இடத்தில் சுத்தமாக நின்றிருந்தது. வேண்டுமென்றே வைத்த கண்ணி. விடை தயாரித்தவரும் என்னைப் போலவே படத்தைப் பார்க்காமல் பெருக்கியிருக்கிறார், வேறென்ன. அறுபது பேரும் அதையேதான் செய்தார்கள். ஒருத்தி மட்டும் பார்த்தாள். அவளை நான் நாலு நாள் அலைய விட்டிருக்கிறேன்.

தணிகாசலம் சாரிடம் கொண்டுபோனேன். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். லென்ஸை எடுத்தார். பெரிதாக வரைந்தார். எழுத்து வைத்தார். முதலிலிருந்து ஒரு முறை, கடைசியிலிருந்து ஒரு முறை, பதினாறு பெயர் எழுதினார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"விட்டுடுங்கம்மா" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

"நம்ம பசங்க அறுபது பேரு இருபது போட்டிருக்காங்க. ஆளுக்கு ஒன்றரை மார்க்கு. நாமளே எழுதிப் போட்டு அதைப் புடுங்கறதா? ஒருத்திக்காக அறுபது பேர் வாயில மண்ணைப் போடணுமா?"

"சார், இருபதுக்கும் பேர் சொல்லுங்க" என்றேன்.

அவரிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு முறைதான். அவர் தான் வரைந்த தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "மையத்தோட லெட்டர்ஹெட்ல எழுதாதீங்க. ஆட்சேபம் அந்தப் பொண்ணு பேர்லதான் போவணும். விளக்கம் நீங்க எழுதிக் குடுங்க" என்றார். சரி என்று எழுந்தேன். கதவு வரை போனவளைக் கூப்பிட்டார். "படத்தை நான் வரையறேன். உங்க கையில கோடு வளையும்."

அன்று மதியம் முழுக்க உட்கார்ந்து, துறையில் இருந்தபோது பயன்படுத்திய மைப் பேனாவால் வரைந்தார். நடுக்கோடு நின்ற இடத்தில் ஒரு சிறு புள்ளி. பதினாறு பெயர்களும் இரண்டு வரிசையாக. கீழே கையெழுத்துப் போடவில்லை.

இனி ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும். அவளும் இருபதுதான் போட்டிருந்தாள். தேர்வு முடிந்து வந்த அன்றே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அவள் கணக்குப்படி கட்-ஆஃபுக்கு ஒட்டியே இருந்தாள். சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். மடித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அப்ப உன் சொந்தப் பொண்ணு மார்க்க குறைக்கச் சொல்லி நீயே மனு எழுதற."

"உன் மார்க்கக் குறைக்கச் சொல்லலடி. விடை பதினாறு. அதத்தான் எழுதறேன்."

"இருபதுன்னு எனக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான்."

"அப்ப உன் தப்புக்கு நான் மார்க்கு குடுக்கணும், அவளுக்கு நல்ல பேரு. அப்படித்தானே?"

"ஸ்டெல்லா, அவளுக்கு இது கடைசி வாய்ப்பு. உனக்கு இன்னும் வயசு இருக்குது."

"வயச மட்டும் எண்ணத் தெரியுது உனக்கு" என்றாள். மடித்த துணிகளை அப்படியே கட்டிலில் விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழாம் நாள். மாலை ஐந்தே முக்காலோடு இணையதளம் மூடும். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் நானும் பரிமளாவும் உட்கார்ந்தோம். அவள் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். படிவம் திறந்தது. 'ஆதார நூலின் பெயர், பதிப்பு, பக்க எண்' என்று கேட்டது. நிரப்பாமல் அடுத்த பக்கம் போகாது. ஒரு படத்தில் எத்தனை முக்கோணம் இருக்கிறது என்பதற்கு எந்த நூலைக் காட்டுவது? கண்ணைத்தான் காட்ட வேண்டும். ஒரு பள்ளிக் கணிதப் புத்தகத்தில் முக்கோணம் என்றால் என்ன என்று சொல்லும் பக்கத்தின் எண்ணைப் போடச் சொன்னேன். மூன்று பக்கம் கொண்ட உருவம். அதற்குமேல் எந்த ஆதாரமும் உலகத்தில் கிடையாது.

அடுத்து, கோப்பின் அளவு அதிகம் என்று படத்தை ஏற்க மறுத்தது. கடைக்காரர் ஏதோ செய்து அளவைக் குறைத்தார். திரையில் பார்த்தால் கோடுகள் எல்லாம் மங்கி ஈஷிக்கொண்டு, நடுக்கோடு கீழே வரை இறங்கியதுபோல் ஒரு நிழல் தெரிந்தது. "ஐயா, அந்தக் கோடு அங்க நிக்கறதுதான் விஷயமே! அதையே அழிச்சுட்டீங்களே!" என்று கத்தினேன். அவர் பயந்துபோய்க் கறுப்பு வெள்ளையில் மறுபடி ஸ்கேன் செய்தார். ஐந்து முப்பதுக்கு ஏற்றினோம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்து முப்பத்தெட்டுக்குப் பதிவாகிவிட்டது என்று வந்தது. பரிமளா அந்தச் சீட்டை அச்செடுத்து, தன் பதிவெண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்துப் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். எனக்கு அவளைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது.

சில மாதம் கழித்து இறுதி விடைப்பட்டியல் வந்தது. பதினாறு.

அன்று வாட்ஸ்அப் குழுவில் என்னைத் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. ஒரு மாணவனின் அப்பா, தறி வேலையை விட்டுவிட்டு மாடியேறி வந்தார். "எந்த சென்டர்லயாவது சொந்தப் பசங்க மார்க்க அவங்களே குறைப்பாங்களாம்மா? நாங்க காசு கட்டிப் படிக்க வெச்சது இதுக்கா?" என்றார். தணிகாசலம் சார் உள்ளே இருந்து வந்து என் பக்கத்தில் நின்றார். வந்தவரை உட்காரச் சொல்லி, படத்தை வரைந்து எதிரில் வைத்து, பென்சிலை அவர் கையில் தந்தார். அவர் வாங்கவில்லை. "எனக்கு இன்னா தெரியும் சார்" என்று எழுந்து போய்விட்டார்.

பரிமளாவுக்கு வேலை கிடைத்தது. பட்டியலின் வால் பகுதியில் பெயர் வந்தது. அந்த ஒன்றரை மார்க் இல்லாவிட்டால் வந்திருக்காது. இப்போது ஒரு தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறாள். பணி ஆணையோடு என்னைப் பார்க்க வந்தவள், தன் தோட்டத்துக் கத்தரிக்காயை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். பேச்சுவாக்கில், "அந்தப் படத்துல நாலு நிமிஷம் போயிடுச்சு மேடம். கடைசியில ஒம்பது கேள்விய நான் பாக்கவே இல்ல" என்றாள். வேலை கிடைத்த பெண் என்றுகூடப் பாராமல் அதற்கும் அவளைத் திட்டினேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஸ்டெல்லாவுக்குக் கிடைக்கவில்லை. கட்-ஆஃபுக்கு ஒன்றரை மார்க் கீழே. ஒரே ஒரு கேள்வி.

அதன் பிறகு வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. "சாப்பாடு இருக்குது", "கேஸ்காரன் வந்தான்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். நான் சமாதானம் சொல்லப் போனால் எழுந்துவிடுவாள். ஒரு மாதத்துக்கும் மேல் அப்படியே போனது. என் நியாயத்தை அவள் புரிந்துகொள்ளவில்லையே என்று எனக்கும் வீம்பு ஏறியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, தன் கேள்வித்தாளைக் கொண்டுவந்து மேடைமேல் விரித்து வைத்தாள்.

"பாரு."

அந்த முக்கோணத்தைச் சுற்றி, ஓரத்தில், பொடி எழுத்தில் பெயர்கள் இருந்தன. அகர வரிசையில். எண்ணிப் பார்த்தேன். பதினாறு. அதன் பக்கத்தில் கடைசியிலிருந்து எழுதிய இன்னொரு பட்டியல். அதுவும் பதினாறு. சுற்றி வட்டம் போட்டிருந்தாள். வட்டத்தின் மேல் குறுக்கே அடித்திருந்தாள். அடியில் 'பத்து பெருக்கல் இரண்டு இருபது' என்று எண்ணில் எழுதி, இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

"கோடு கீழ இறங்கலன்னு பாத்தியா?" என்றேன்.

"பாத்தேன்."

"பாத்துட்டும் ஏன்டி இருபது போட்ட?"

"உன் கணக்குல இருபது வந்துச்சு. எனக்குத்தான் எண்ணத் தெரியல, நாலு முக்கோணத்த எங்கியோ விட்டுட்டேன்னு நெனச்சேன். மறுபடி தேடினேன், கெடைக்கல. நேரமாயிடுச்சு. நீ தப்பா சொல்லிக் குடுத்திருப்பன்னு எனக்குத் தோணவே இல்லம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் என்ன வாங்கினாள் என்று சொல்வதுபோலச் சொன்னாள். வெங்காயம் கையில் இருந்ததால் என் கண்ணைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. அத்தனை வருடமாக என் எதிரில் இருந்த ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. அவர்களில் எத்தனை பேர் சரியாக எண்ணிவிட்டு, என் பேச்சை நம்பி அடித்திருப்பார்கள்? அதை எந்த விடைப்பட்டியலும் சொல்லாது. மேடையில் இருந்த ஈரக் கையோடு அந்தத் தாளைத் தொட்டுவிடுவேனோ என்று அவளே எடுத்து மடித்துக்கொண்டாள். "வெங்காயத்த நான் உரிக்கறேன், குடு" என்றாள். அன்றிலிருந்து பேசினாள். மறுபடி தேர்வு மட்டும் எழுதவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறாள், நன்றாகவே இருக்கிறாள். நான் இந்தப் பேச்சை எடுத்தால், "விடும்மா, போதும்" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை வகுப்பில் பாடம் எடுக்கவில்லை. கேள்வித்தாளில் இருந்தபடியே படத்தைப் பலகையில் பெரிதாக வரைந்தேன். பரிமளாவை நான் உட்கார வைத்தது, நாலு நாள் அலைய விட்டது, என் மகள் சரியாக எண்ணிவிட்டு அடித்தது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கீழே புடவைக் கடையில் யாரோ பேரம் பேசுவது மாடி வரை கேட்டது. இனிமேல் கண்ணை நம்புங்கள், சூத்திரம் அதற்குப் பிறகுதான் என்று சொல்லி முடித்தேன்.

இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி எழுந்தது.

"சொல்லுப்பா" என்றேன்.

"மேடம், அந்தக் கோடு முழுசா கீழ வந்துச்சுன்னா இருபதுதானே?"

"ஆமாம்பா" என்றேன்.

எல்லோரும் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள்.